வீட்டு வைஃபை பிரிண்டர்: செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். தமிழ்நாடு-கேரள எல்லையான கோட்டைவாசலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீடு வீடாகப் போய் பிரிண்டர் மாட்டிக் கொடுப்பதும், "ஆஃப்லைன்னு காட்டுது தம்பி" என்று வரும் போனுக்குப் பதில் சொல்வதும் அன்றாடப் பிழைப்பு. பத்துப் போனில் ஏழெட்டு ஒரே மாதிரி கேள்விதான். அதையெல்லாம் இங்கே எழுதிப் போட்டிருக்கிறேன். கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிட்டால் எனக்குப் பெட்ரோல் மிச்சம், உங்களுக்கு விசிட் காசு மிச்சம்.

எங்க வீட்டுல போனுக்கு ஒரு நேரம் தமிழ்நாடு டவர், ஒரு நேரம் கேரளா டவர். நெட்டே ஒழுங்கா வராது. வைஃபை பிரிண்டர் வேலை செய்யுமா?

செய்யும். வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மீதி எல்லாம் சுலபம். மலைப்பாதையில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் புனலூர் பஸ் வராது. ஆனால் உங்கள் தெருவுக்குள் நாலு வீடு தள்ளி நடந்து போவதை யார் தடுக்கப் போகிறார்கள்? ரூட்டர் போட்டுத் தருவது அந்தத் தெரு. லேப்டாப்பும் போனும் பிரிண்டரும் அதே தெருவில் குடியிருந்தால் போதும், வெளியே போகிற ரோடு எப்படிக் கிடந்தாலும் பேப்பர் வரும்.

விதிவிலக்கு உண்டு. முதல் தடவை ஆப் மூலம் மாட்டும்போது நெட் வேண்டும். சில மாடல்கள் கம்பெனி அக்கவுண்டோடு எப்போதும் தொடர்பில் இருந்தால்தான் அச்சடிக்கும் என்று அடம்பிடிக்கும். அட்டைப்பெட்டியிலேயே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். நெட் நம்பிக்கையில்லாத ஊரில் அந்த மாடல் வேண்டாம்.

புதுசா வாங்கப் போறோம். இங்க் டேங்க்கா, லேசரா?

வாரம் இரண்டு மூன்று தடவையாவது அச்சடிப்பீர்கள், பிள்ளைகளுக்குக் கலரில் ப்ராஜெக்ட் வேண்டும் என்றால் இங்க் டேங்க். மாதக் கணக்கில் வீடு பூட்டிக் கிடக்கும், ஊருக்கு வரும்போது மட்டும் நாலு பக்கம் எடுப்போம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கருப்பு வெள்ளை லேசர். டோனர் பொடி காயாது, இங்க் காயும். கேரளாவில் வேலை, மாதம் ஒரு நாள் ஊருக்கு வருகிறேன் என்பவர்களுக்கு இங்க் டேங்க்கைத் தலையில் கட்டும் கடைக்காரர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

வைஃபை பேரே பிரிண்டர்ல வரலை. போன்ல நல்லா வருதே?

உங்கள் ரூட்டர் இரண்டு அலைவரிசையில் பேசுகிறது. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், இன்னொன்று 5 கிகாஹெர்ட்ஸ். போன் இரண்டையும் பிடிக்கும். வீட்டுக்கு வாங்கும் விலை குறைந்த பிரிண்டர்களில் பெரும்பாலானவை 2.4 மட்டும்தான் பிடிக்கும். ரூட்டரில் 2.4 அணைத்து வைக்கப்பட்டிருந்தால் பிரிண்டர் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

ரூட்டர் செட்டிங்ஸில் போய் 2.4-ஐ எழுப்பிவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்து பிரிண்டர் தடுமாறினால், மாட்டுகிற நேரத்துக்கு மட்டும் 5-ஐ அணைத்துவிட்டு மாட்டி, பிறகு திறந்துகொள்ளலாம். சேனலை 'ஆட்டோ' என்று விடாமல் 1, 6, 11 இதில் ஒன்றாக வையுங்கள். 12, 13-இல் போய் ரூட்டர் உட்கார்ந்துகொண்டால் அதைப் பார்க்கத் தெரியாத பிரிண்டர்கள் இருக்கின்றன.

இன்னொன்று, பாதுகாப்பு வகை. புது ரூட்டரில் டபிள்யூபிஏ 3 மட்டும் என்று இருந்தால் பழைய பிரிண்டர் உள்ளே வராது. டபிள்யூபிஏ 2, அல்லது இரண்டும் கலந்த வகைக்கு மாற்றுங்கள்.

பேரு வருது, பாஸ்வேர்டு போட்டா 'தப்பு'ங்குது. சரியாத்தான் போடுதேன்.

பிரிண்டரின் குட்டித் திரையில் அம்புக்குறியை அமுக்கி அமுக்கி எழுத்தைத் தேடும்போது பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறிப்போகும். பூஜ்யமும் ஓ எழுத்தும், ஒன்றும் எல் எழுத்தும் கண்ணை ஏமாற்றும். பாஸ்வேர்டின் கடைசியில் தெரியாமல் விழுந்த ஒரு இடைவெளிக்காக நான் ஒரு வீட்டில் முக்கால் மணி நேரம் செலவழித்திருக்கிறேன்.

வைஃபைக்குத் தமிழிலோ மலையாளத்திலோ பெயர் வைப்பதும், பெயரில் பூ, இதயம் எல்லாம் போடுவதும் போனுக்கு ஒத்துவரும். பிரிண்டருக்கு ஒத்துவராமல் போகலாம். தமிழ்ப் பற்றை நான் குறை சொல்லவில்லை. ரூட்டர் பெயரில் மட்டும் ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும்.

பாஸ்வேர்டே போடாம மாட்ட முடியுமாமே?

ரூட்டரில் டபிள்யூபிஎஸ் என்ற பட்டன் இருந்தால் அதை அமுக்கி, இரண்டு நிமிடத்துக்குள் பிரிண்டரில் அதற்கான பட்டனை அமுக்குங்கள். இரண்டும் தாமாகக் கைகோத்துக்கொள்ளும். டபிள்யூபிஏ 3-இல் இந்த வழி நடக்காது. வேலை முடிந்ததும் அந்த வசதியை அணைத்து வைப்பது நல்லது.

ரூட்டர் தார்சாவில, பிரிண்டர் ரெண்டாங்கட்டுல. சிக்னல் ஒரு கோடுதான். என்ன செய்ய?

நம்ம பக்கத்துப் பழைய வீடுகள் ரயில் பெட்டி மாதிரி நீளம். தார்சா என்ற முன்கட்டு, பட்டாசல் என்ற கூடம், ரெண்டாங்கட்டு, அடுப்படி, புறவாசல் என்று ஒரே கோட்டில் போகும். நடுவில் ஒவ்வொரு சுவரும் ஒன்றரை அடி கனம். இன்டர்நெட்காரர் வாசலில் கேபிளை நுழைத்து, கைக்கு எட்டிய ஆணியில் ரூட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுவார். அது பாதி சிக்னலைத் தெருவில் போகிற ஆட்டோவுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

பிரிண்டரை நகர்த்துவதுதான் மலிவான வழி. வைஃபை பிரிண்டர் லேப்டாப்புக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ரூட்டர் இருக்கும் அறையில் ஒரு ஸ்டூலில் வைத்தால் போதும். நகர்த்த முடியாதென்றால் ரூட்டரைப் பட்டாசலுக்குக் கொண்டுவாருங்கள், தலை உயரத்துக்கு மேலே. இரும்பு பீரோவுக்குப் பின்னாலும், அதன் தலைமேலும் வைக்காதீர்கள். புளியரையில் ஒரு வீட்டில் கதவைத் திறந்தால் பிரிண்ட் வரும், மூடினால் வராது. கதவில் என்ன இருக்கிறது என்று மூடிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கத் தகரம் அடித்திருந்தார்கள், கரையானுக்காக.

நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா ஓடிச்சு. காலையில ஆஃப்லைன். யாரும் தொடவே இல்லை!

கடைக்கு வரும் கேள்விகளில் இதுதான் முதலிடம். போன மாதம் பண்பொழியிலிருந்து ஒரு மதினி கூப்பிட்டார்கள்: "தம்பி, பிரிண்டர் செத்துப் போச்சு, புதுசு ஒண்ணு சொல்லி விடுங்க." ராத்திரி கரண்ட் போச்சா என்று கேட்டேன். "ஆமா, ரெண்டு மணிக்குப் போயிட்டு மூணுக்கு வந்தது." பிரிண்டர் சாகவில்லை. விலாசம் தொலைந்து போயிருந்தது.

நடந்தது இதுதான். வீட்டு வைஃபையில் சேரும் ஒவ்வொரு பெட்டிக்கும் ரூட்டர் ஒரு எண் கொடுக்கும். 192.168.1.7 என்பது போல இருக்கும்; ஐபி அட்ரஸ் என்பது இதைத்தான். கரண்ட் போய் வந்ததும் ரூட்டர் தூங்கி எழுந்த ஆள் மாதிரி பழைய கணக்கை மறந்து, முதலில் வந்தவருக்கு முதல் எண் என்று புதிதாகக் கொடுக்க ஆரம்பிக்கும். நேற்று 7-ஆக இருந்த பிரிண்டர் இன்று 4. லேப்டாப் இன்னும் 7-ஆம் எண் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே இப்போது உங்கள் மாமனார் போன் குடியிருக்கிறது. ஆள் இல்லை என்று லேப்டாப் முடிவு கட்டிவிடுகிறது. ஆஃப்லைன்.

இன்னொரு விதமும் நடக்கும். கரண்ட் வந்ததும் பிரிண்டர் அரை நிமிடத்தில் எழுந்துவிடும், ரூட்டருக்கு இரண்டு நிமிடம் ஆகும். எண் கேட்டுக் கேட்டு யாரும் பதில் சொல்லாததால் பிரிண்டர் தானாக ஒரு எண்ணை வைத்துக்கொள்ளும். அது 169.254 என்று தொடங்கும். பிரிண்டரின் நெட்வொர்க் பக்கத்தில் இந்த எண்ணைப் பார்த்தால், அது ரூட்டரோடு பேசவே இல்லை என்று அர்த்தம்.

உடனடி வைத்தியம்: பிரிண்டரை அதன் சொந்தப் பட்டனில் அணையுங்கள். ரூட்டரை அணைத்துப் போட்டு, விளக்குகள் எல்லாம் நிதானத்துக்கு வரும்வரை காத்திருங்கள். பிறகு பிரிண்டர், கடைசியில் லேப்டாப். இந்த வரிசை முக்கியம். லேப்டாப்பில் 'ஷட் டவுன்' கொடுத்துத் திறப்பதைவிட 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். விண்டோஸில் ஷட் டவுன் பாதித் தூக்கம்தான்.

நிரந்தர வைத்தியம்: பிரிண்டருக்கு ஒரு எண்ணை எழுதி வைத்துவிடுவது. ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ இருக்கும். அதை பிரவுசரில் அடித்து உள்ளே போனால் எண் பங்கிடும் டிஎச்சிபி என்ற பகுதியில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்று ஒன்று தென்படும். மாடலுக்கு மாடல் பெயர் கொஞ்சம் மாறும். சேர்ந்திருக்கும் பெட்டிகளின் பட்டியலில் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்து, 192.168.1.50 மாதிரி ஓர் எண்ணை அதற்கென்று ஒதுக்குங்கள். பிறகு விண்டோஸில் பிரிண்டரை நீக்கிவிட்டு, தானாகத் தேடவிடாமல், 'மேனுவலாகச் சேர்' என்பதில் போய் ஐபி அட்ரஸ் மூலம் அதே எண்ணைக் கொடுத்துச் சேருங்கள். பத்து நிமிட வேலை. செய்து கொடுத்த வீடுகளிலிருந்து எனக்கு ஆஃப்லைன் போன் வருவது அபூர்வமாகிவிட்டது. தொழிலுக்கு நஷ்டம்தான், போகட்டும்.

ரூட்டருக்கு மட்டும் ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்கிப் போட்டால் சின்னச் சின்னக் கரண்ட் கட்டில் இந்தக் குழப்பமே வராது.

பிரிண்டர்ல திரையே இல்லை, விளக்கு மட்டும்தான். எண்ணை எங்க பாக்க?

'ஐ' எழுத்துப் போட்ட பட்டனையோ வைஃபை பட்டனையோ சில விநாடி அமுக்கிப் பிடித்தால் நெட்வொர்க் விவரத்தை ஒரு தாளில் அச்சடித்துத் துப்பும். எந்தப் பட்டன் என்பதைக் கையேட்டில் பாருங்கள். அந்தத் தாளை பிரிண்டருக்கு அடியிலேயே மடித்து வையுங்கள், என்றாவது உதவும்.

வேற கம்பெனி நெட்டுக்கு மாறிட்டோம், ரூட்டரும் மாறிட்டு. பிரிண்டரைத் திரும்ப முதல்லேருந்து மாட்டணுமா?

வேண்டாம். புது ரூட்டருக்குப் பழைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் அப்படியே வைத்துவிடுங்கள், பாதுகாப்பு வகையும் அதேபோல். பிரிண்டர், டிவி, போன் எல்லாம் வீடு மாறியதே தெரியாமல் தாமாக வந்து சேர்ந்துகொள்ளும். மேலே சொன்ன எண் ஒதுக்குகிற வேலையை மட்டும் புது ரூட்டரில் மறுபடி செய்ய வேண்டும்.

போன்ல இருந்து பிரிண்ட் வருது, லேப்டாப்புல வரலை.

அப்படியானால் பிரிண்டரும் ரூட்டரும் சுத்தம், குற்றவாளி லேப்டாப். மூன்று இடம் பாருங்கள். ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் லேப்டாப் உங்கள் வீட்டில் உட்கார்ந்தபடி கொச்சி ஆபீஸ் தெருவில் நின்றுகொண்டிருக்கும்; அணைத்துவிட்டு அடியுங்கள். அடுத்து, வைஃபையை விண்டோஸ் 'பப்ளிக்' என்று குறித்து வைத்திருக்கும். வீட்டு வைஃபையை 'பிரைவேட்' ஆக்குங்கள். மூன்றாவது, லேப்டாப் 'கெஸ்ட்' வைஃபையில் சேர்ந்திருக்கும். விருந்தாளிக்கான வைஃபை வீட்டுப் பெட்டிகளைக் காட்டாது, அதற்காகவே உள்ளது.

போன்ல இருந்து அடிக்க ஒவ்வொரு கம்பெனி ஆப்பும் போடணுமா?

மாட்டுவதற்கும் ஸ்கேன் செய்வதற்கும் வேண்டும். அச்சடிக்க மட்டும் பெரும்பாலும் தேவையில்லை. ஆண்ட்ராய்டில் 'பிரிண்டிங்' என்று செட்டிங்ஸில் தேடி அங்கேயுள்ள சேவையைத் திறந்து வைத்தால் போதும். ஐபோனில் 2010 முதலே ஏர்பிரிண்ட் இருக்கிறது. ஆப்பில் மாட்டும்போது பிரிண்டர் கண்ணில் படவில்லை என்றால் போனில் லொகேஷன் அணைந்திருக்கிறதா பாருங்கள். அது இல்லாமல் பக்கத்து வைஃபைகளைத் தேட ஆப்புக்கு அனுமதி கிடையாது.

வீட்டுல ரூட்டரே இல்லை, போன் ஹாட்ஸ்பாட்தான்.

முடியும். ஹாட்ஸ்பாட்டை 2.4-இல் வையுங்கள். ஐபோனாக இருந்தால் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் 'மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்ற ஸ்விட்சைப் போடுங்கள். சங்கடம் என்னவென்றால் எந்தப் போனில் மாட்டினீர்களோ அந்தப் போன் வீட்டில் இருக்கும்போதுதான் பிரிண்டருக்கு உயிர். அண்ணன் போனை எடுத்துக்கொண்டு தென்காசிக்குப் போய்விட்டால் தங்கை ஹால் டிக்கெட் எடுக்க முடியாது. இதற்கு வைஃபை டைரக்ட் மேல். பிரிண்டரே ஒரு சின்ன வைஃபையை விரிக்கும். யார் வேண்டுமானாலும் அதில் சேர்ந்து அச்சடித்துவிட்டு வெளியேறலாம். வீட்டில் இருப்பது ஒரே ஒரு லேப்டாப்தான் என்றால் யுஎஸ்பி கேபிளைச் சொருகிவிட்டு நிம்மதியாக இருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஒரு பக்கம் மாட்டிக்கிட்டு நிக்குது. அழிச்சாலும் போகலை, புதுசு கொடுத்தாலும் வரலை.

விண்டோஸில் அச்சுக்குப் போகும் வேலைகளை வரிசையில் நிறுத்துவது 'பிரிண்ட் ஸ்பூலர்' என்ற சேவை. வரிசையில் முதல் ஆள் மயங்கி விழுந்தால் பின்னால் உள்ள யாரும் நகர முடியாது. 'சர்வீசஸ்' பட்டியலில் அதை நிறுத்தி, சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்று போய், அங்கே கிடக்கும் ஃபைல்களை மட்டும் அழித்துவிட்டுத் திரும்ப ஓட விடுங்கள். ஃபோல்டரையே அழித்துவிடாதீர்கள்.

சாரல் தொடங்கினா பேப்பர் ஒண்ணுக்கு ரெண்டா இழுக்குது, சிக்குது. மத்த மாசம் ஒழுங்கா ஓடுது.

குற்றாலத்தில் சீசன் என்றால் நமக்கு பிரிண்டர் சீசன். ஜூன் முதல் ஆகஸ்டு வரை கடையில் பாதி வேலை இதுதான். பல பிரிண்டர்களின் கையேட்டில் காற்றின் ஈரப்பதம் 20 முதல் 80 சதவீதம் வரை என்று போட்டிருக்கும். சாரல் நேரத்தில் நம் வீட்டு உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள், ஈரம் எவ்வளவு என்று அதுவே சொல்லும். பேப்பரும் உப்பு மாதிரிதான், காற்றிலிருந்து தண்ணீரைக் குடிக்கும். குடித்த பேப்பர் ஓரம் சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இங்க் அதில் விழுந்தால் கொசுவின் கால் மாதிரி விரியும்.

டிரே நிறைய அடுக்கி வைக்காதீர்கள். 500 தாள் கட்டைப் பிரித்தால் இருபது தாளை மட்டும் எடுத்து வைத்து, மீதியை அதே உறையில் மடித்து, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். புதுச் செருப்பு, பையோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் அதற்குள் போட்டு வைக்கலாம். டிரேயில் வைக்கும் முன் தாள்களைச் சீட்டுக்கட்டு மாதிரி விசிறிவிடுங்கள். தாளின் கனத்தைச் சொல்லும் ஜிஎஸ்எம் எண் 70-க்குப் பதில் 75 அல்லது 80 பார்த்து வாங்கினால் சாரலில் வித்தியாசம் தெரியும்.

சிக்கிய தாளை எடுக்கும்போது கரண்டை நிறுத்திவிட்டு, பின் மூடியைத் திறந்து, இரண்டு கையாலும் பேப்பர் போகும் திசையிலேயே மெதுவாக இழுங்கள். எதிர்த்திசையில் வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து ஒரு துணுக்கு உள்ளே தங்கும். அடுத்து வரும் ஒவ்வொரு தாளும் அதில் முட்டும். இழுக்கும் ரப்பர் ரோலரை, லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் பழைய பிடி திரும்பும். மண்ணெண்ணெய், தின்னர் வேண்டாம், ரப்பர் போய்விடும்.

உள்ள பல்லி போயிட்டு. நிசமாத்தான்.

நம்புகிறேன். ஆரியங்காவில் ஒரு வீட்டில், மை தெளிக்கும் தலை நகரும் தண்டவாளத்தின் மேல் பல்லி முட்டை இரண்டு, பட்டாணி அளவில் வெள்ளையாக ஒட்டியிருந்தன. தலை இடது ஓரம் வரை வந்து 'டக்' என்று இடித்துத் திரும்பும், உடனே எர்ரர். வீட்டுக்காரர் மலையாளி. "சேட்டா, இதுதான் உங்கள் பேப்பர் ஜாம்" என்று காட்டினேன். பிரிண்டர் பேப்பர் ஜாம் என்று கத்தியது. உள்ளே ஒரு தாள்கூட இல்லை. மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், மரக்குச்சியால் ஒதுக்குங்கள். எறும்புக்கென்று உள்ளே மருந்து அடிக்காதீர்கள். பயன்படுத்தாதபோது பழைய தலையணை உறையைப் போட்டு மூடி வைப்பது போதும்.

ரெண்டு மாசம் தொடலை. இப்ப கோடு கோடா வருது.

இங்க் தலையின் கண்கள் அடைத்துவிட்டன. நாஸில் செக் என்ற சோதனைப் பக்கம் எடுங்கள். கோடு விட்டிருந்தால் ஹெட் கிளீனிங் கொடுங்கள். இரண்டு மூன்று தடவைக்கு மேல் அடுத்தடுத்துக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் டேங்க் இங்க்கை உறிஞ்சி அடியிலுள்ள பஞ்சில் கொட்டுகிறது. பஞ்சு நிறைந்தால் அது தனிச் செலவு. ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிட்டுக் காலையில் மறுபடி பாருங்கள். பல தடவை தானாக இளகியிருக்கும்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் நம் கைப்பழக்கம். வேலை முடிந்ததும் சுவர் ஸ்விட்சைத் தட்டி அணைப்போம், மிக்ஸியை அணைப்பது மாதிரி. பிரிண்டரை அதன் பட்டனில் அணைத்தால்தான் தலை ஓரமாகப் போய் ரப்பர் மூடிக்குள் உட்காரும். பாதி வழியில் கரண்டைப் பிடுங்கினால் மூடாத பேனா மாதிரி திறந்து கிடந்து காயும். முதலில் பட்டன், விளக்கு அணைந்த பிறகு சுவர் ஸ்விட்ச். அச்சடிக்கும்போது கரண்ட் போய்விட்டால், வந்ததும் ஒரு தடவை போட்டு ஒழுங்காக அணையுங்கள். வாரத்துக்கு ஒரு கலர் பக்கம் எடுங்கள், பிள்ளையார் படமானாலும் சரி.

பிரிண்ட் எடுத்த சான்றிதழ் சாரல்ல நனைஞ்சு மை கரைஞ்சு போச்சு.

பல இங்க் டேங்க் மாடல்களில் கலர் மை சாயம்தான், தண்ணீர் பட்டால் ஓடும். கருப்பு மட்டும் சிலவற்றில் நிறமி வகை, அது தாங்கும். ஆபீஸ் ஆபீஸாகச் சுமந்து திரியும் தாளை லேசரில் எடுங்கள், அல்லது பிளாஸ்டிக் உறையில் போடுங்கள்.

கேரளாவில இருந்து வர்ற ஃபாரம் பிரிண்ட் எடுத்தா மலையாள எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வருது.

இது எல்லைக்காரர்களுக்கே உரிய சிக்கல். மணப்பெண் அந்தப் பக்கம், நிலம் இந்தப் பக்கம், பிள்ளை படிப்பது புனலூரில் என்று இருக்கும் வீடுகளில் இரண்டு மொழித் தாளும் வந்துகொண்டே இருக்கும்.

முதலில் திரையைப் பாருங்கள். திரையிலேயே கட்டமாகவோ, அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகவோ தெரிந்தால் பிரிண்டர் மேல் பழி இல்லை. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறை வருவதற்கு முந்தைய பழைய ஃபான்ட்டில் வேர்டு ஃபைலாக அடித்து அனுப்பியிருப்பார்கள். அந்த ஃபான்ட் உங்களிடம் இல்லை. அனுப்பியவரிடம் பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள், அதில் ஃபான்ட்டும் சேர்ந்து வரும். தமிழ் டிடிபி ஃபைல்களுக்கும் இதே கதைதான்.

திரையில் மணிமணியாகத் தெரிந்து தாளில் மட்டும் கட்டம் விழுந்தால், பிரிண்டரை ஓட்டும் 'டிரைவர்' என்ற மென்பொருள் அந்த எழுத்தை மென்று துப்புகிறது. பிடிஎஃப் ரீடரின் பிரிண்ட் பெட்டியில் 'அட்வான்ஸ்டு' என்பதற்குள் 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' என்று ஒரு டிக் உண்டு. அதைப் போட்டால் எழுத்தை எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்பும். கொஞ்சம் மெதுவாக வரும், ஆனால் கூட்டெழுத்து குலையாது.

ஆதார் கார்டு அளவு சரியா வர மாட்டேங்குது.

'ஃபிட் டு பேஜ்' என்பதை எடுத்துவிட்டு 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 சதவீதம் வையுங்கள். கார்டின் அளவு 85.6 க்கு 54 மில்லிமீட்டர். பேப்பர் அளவு 'லெட்டர்' என்று கிடந்தால் ஏ4 ஆக்குங்கள்.

பாட்டன் காலத்துப் பத்திரத்தை ஸ்கேன் பண்ணணும்.

செங்கோட்டை 1949 வரை திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர். சங்கு முத்திரை போட்ட தாள்கள் இன்னும் பல வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. அதை மேலே தானாக இழுக்கும் ஃபீடரில் தயவுசெய்து விடாதீர்கள், நொறுங்கும். கண்ணாடியில் கவிழ்த்து வைத்து, கருப்பு மையாக இருந்தாலும் கலரில், 300 டிபிஐ (படத்தின் நுணுக்கம்); எழுத்து மங்கியிருந்தால் 600. லீகல் அளவுத் தாள் 356 மில்லிமீட்டர் நீளம், ஏ4 கண்ணாடியோ 297 தான். மேல்பாதி, கீழ்ப்பாதி என்று கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று வருமாறு இரண்டு தடவை எடுங்கள். 600-இல் வைஃபை வழியாக வர நேரமாகும், பாதியில் நின்றால் அதற்கு மட்டும் கேபிள் போடுங்கள்.

இடி மழைக்கு என்ன பண்ண?

ஐப்பசி இடிக்கு ஸ்விட்சை அணைப்பது போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிரிண்டர், ரூட்டர் அடாப்டர் இரண்டையும். ஃபைபர் இழை கண்ணாடி, மின்சாரம் கடத்தாது. ஆனால் போஸ்ட்டிலிருந்து வீடு வரை அதைத் தாங்கி வரும் இரும்புக் கம்பி கடத்தும். அது ரூட்டரிலோ ஜன்னல் கம்பியிலோ தொட்டுக்கொண்டிருந்தால் நறுக்கி ஒதுக்கச் சொல்லுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு போய்ப் பிடுங்காதீர்கள். மேகம் மலையில் கருக்கும்போதே செய்யுங்கள்.

லேசர் பிரிண்டரை இன்வெர்ட்டர்ல போடலாமா?

வேண்டாம். டோனரைத் தாளில் உருக்கி ஒட்ட உள்ளே ஒரு உருளை கிட்டத்தட்ட 200 டிகிரிக்குச் சூடாகும். அந்த நொடியில் நூற்றுக்கணக்கான வாட் இழுக்கும், இன்வெர்ட்டர் அலறும். இங்க் டேங்க் தாராளமாக ஓடும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை ப்ராஜெக்ட் எங்க பிரிண்டர்ல வருது!

வைஃபை பாஸ்வேர்டை யாருக்கோ கொடுத்திருக்கிறீர்கள், அல்லது வைஃபை டைரக்ட் பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து கிடக்கிறது. முதலாவதை மாற்றுங்கள், இரண்டாவதற்குப் பாஸ்வேர்டு போடுங்கள் அல்லது அணையுங்கள். மார்ச் மாதம் மட்டும் விட்டுக் கொடுத்தால் குறைந்து போய்விட மாட்டீர்கள், பாவம் பிள்ளைகள்.

எல்லாம் பார்த்தாச்சு, வரலை. கூப்பிடலாமா?

கூப்பிடுங்கள். பிரிண்டரின் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண், எந்த விளக்கு எந்த நிறத்தில் மின்னுகிறது, நெட்வொர்க் தாளில் ஐபி எண் என்ன, நேற்று கரண்ட் போனதா, இந்த நாலையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். மழை நேரமென்றால் பல்லியையும் பார்த்துவிடுங்கள்.